டைலரம்மாவுக்கு எழுதிக் கொடுத்த சாட்சி

விமானம் விட்டு இறங்கி, இரண்டு ரயில் மாறி, டைலரம்மா தான் தங்க வேண்டிய வீட்டு வாசலில் பெட்டியை வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்த அம்மாள் அவளுடைய இடது கையைப் பிடித்தாள், முழங்கைக்குக் கீழே இருந்த பழைய தீக்காய வடுவைத் தடவினாள், உடனே பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். முன்னே பின்னே பார்த்திராத மனுஷி, வா என்று சொல்வதற்கு முன்னால் அழுதால் யாருக்குத்தான் விளங்கும்? பாஷை தெரியாத இடத்தில் வேறென்ன செய்வது என்று டைலரம்மா சிரித்து வைத்தாள். அந்த அம்மாள் இன்னும் அழுதாள்.

அவள் ஓய்வுபெற்ற நர்ஸ். அவளுடைய கணவர், ஆறடிக்கு மேல் உயரமான மனிதர், தூரத்தில் சுவரோடு சுவராக நின்றார். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பெட்டியை மாடியில் வைத்தார், தன் துணிப்பையை எடுத்துக்கொண்டார், வெளியே போய்விட்டார். நர்ஸம்மா தன் போனிடம் ஏதோ சொல்ல, அது தமிழில் பேசியது: "அவர் இந்த வாரம் தங்கை வீட்டில் இருப்பார். நீங்கள் பயப்பட வேண்டாம்."

"நான் எதுக்குப் பயப்படணும்?" என்றாள் டைலரம்மா. ரயிலில் வேர்த்தது நாற்றமடிக்கிறதோ என்று சேலைத் தலைப்பை மோந்துகூடப் பார்த்துக்கொண்டாள். மாடி அறைக் கதவின் உள்பக்கம் புத்தம் புதுத் தாழ்ப்பாள், துளை போட்ட மரத்தூள்கூட இன்னும் கூட்டவில்லை. இந்த ஊரில் திருடன் ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்து, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

டைலரம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் ஒரே கடை, ஒரே மிஷின். அவள் தைத்த ஜாக்கெட் தோளில் சுருக்கம் விழுந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் அது அந்த அம்மாள் குண்டானதாகத்தான் இருக்கும். புருஷன் லேத் பட்டறையில் வேலை. சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளை பைக்கில் கொண்டுவந்து கேட்டில் விடுவார், ஆராதனை முடிகிற வரைக்கும் எதிர் டீக்கடையில் பேப்பர் படிப்பார், கூட்டிக்கொண்டு போவார். இருபது வருஷமாக இதுதான் நடக்கிறது. அவரை உள்ளே இழுக்கப் பார்த்த மூன்று பாஸ்டர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். அவர் இன்னும் டீக்கடையில் இருக்கிறார்.

அந்தச் சபையில் சாட்சி சொல்வதற்கு, அதாவது கர்த்தர் தன்னை எப்படி மீட்டார் என்று மேடையேறிச் சொல்வதற்கு, ஒரு தரம் உண்டு. டாக்டர் கைவிட்டிருக்க வேண்டும், இல்லை புருஷன் குடிகாரனாக இருக்க வேண்டும், குறைந்தபட்சம் தூக்குக் கயிறு வரைக்காவது போய்த் திரும்பியிருக்க வேண்டும். டைலரம்மாவிடம் அப்படி எதுவும் இல்லை. கடைக்கு வந்த ஒரு அம்மாள் கூப்பிட்டாள், போனாள், ஒரு மணி நேரம் யாரும் ஜாக்கெட் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள், மனசுக்கு நன்றாயிருந்தது, மறுவாரமும் போனாள். இதை மைக்கில் சொன்னால் யார் அல்லேலூயா சொல்வார்கள்? அதனால் இருபது வருஷத்தில் ஒருத்தரும் அவளை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. இந்தக் கோடையில் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகும் குழுவில் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று சின்ன பாஸ்டர் கேட்டபோது, முதலில் கை தூக்கியவள் அவள்தான். "போயிட்டு வா, கடைய நான் பாத்துக்கிறேன்" என்றார் புருஷன். பட்டறையில் மூன்று மாதம் அரை நாள் வேலை கேட்டு வாங்கினார்.

மறுநாள் காலை டீ போட அடுப்படிக்குப் போனவள், ஃபிரிட்ஜ் கதவில் தன் படத்தையே பார்த்தாள். கை வடு நன்றாகத் தெரிகிற படம். கீழே ஒரு பக்கம் நிறைய அந்த ஊர் எழுத்து. எழுத்தைக் காட்டினால் தமிழாக்கித் தரும் ஒரு வசதியை சின்ன பாஸ்டரே எல்லார் போனிலும் ஏற்றிக் கொடுத்திருந்தார். டைலரம்மா போனைத் தூக்கிப் பிடித்தாள்.

'இந்தச் சகோதரியின் கணவர் குடிக்கு அடிமையானவர். பதினெட்டு ஆண்டுகள் தினமும் அடித்தார். சூடான இஸ்திரிப் பெட்டியால் கையைச் சுட்டார். மூன்று முறை இவர் உயிரை விட முயன்றார். இவருக்காக ஜெபியுங்கள்.'

அடியில் சின்ன பாஸ்டரின் பெயர். அடப் பாவி! அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அந்த வடு, ஒரு கல்யாண ஆர்டர் அவசரத்தில் அவளே இஸ்திரிப் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டது. அன்றைக்கு மருந்து போட்டவர் அந்த மனுஷன். கட்டுப் பிரிக்கிற வரை அவளுக்குத் தலை பின்னிவிட்டவரும் அவர்தான், கோணல் மாணலாக. அவரைப் போய்! புதுத் தாழ்ப்பாள் எதற்கு, வீட்டுக்காரர் தங்கை வீட்டுக்கு ஏன் போனார் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கியது. டீயை அப்படியே வைத்துவிட்டு, அடுத்த தெருவில் இருந்த தேவாலயக் கூடத்துக்குப் போனாள்.

சின்ன பாஸ்டர் அங்கே ஆறு தையல் மிஷின்களை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், என் புருஷன் எப்பக் குடிச்சாரு? நீங்க ஊத்திக் குடுத்தீங்களா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சுதாரித்துக்கொண்டு சிரித்தார். "அக்கா, கோவப்படாதீங்க. ஜெபக் கடிதம்னா படிக்கிறவங்களுக்கு ஒரு பாரம் வரணும்ல?"

"பாரம் வரணும்னா உங்க கதைய எழுத வேண்டியதுதானே?"

"இங்க தைக்கக் கத்துக்க வர்றவங்க எல்லாரும் புருஷன்கிட்ட அடிபட்டு வீட்டை விட்டு வந்த பொம்பளைங்க. அவங்கள மாதிரியே கஷ்டப்பட்ட ஒருத்தர்தான் வேணும்னு இந்த ஊர்ச் சபைக்காரங்க சொன்னாங்க."

"அதனால அவங்க மூஞ்சியப் பாத்து நான் பொய் சொல்லணும்?"

"பொய் இல்லக்கா. ஊழியம்."

டைலரம்மா பக்கத்து மிஷினைப் பிடித்துக்கொண்டாள். கத்தரிக்கோல் கையில் இல்லாதது அவருடைய நல்ல காலம்.

"நாளைக்கு மேடைல சாட்சி சொல்லும்போது மாத்திச் சொன்னீங்கன்னா நம்ம சபை மானமே போயிடும். அடுத்த ப்ளேன்ல ஏத்தி அனுப்பிடுவாங்க" என்றார்.

"அனுப்பட்டும். என் புருஷன் வந்து கூட்டிட்டுப் போவாரு. இருபது வருஷமா அதத்தான் செய்யறாரு. நான் மூணு மாசம் இங்க உக்காந்து தைப்பேன், அந்த மனுஷன் இந்த ஊர் முழுக்கப் பொண்டாட்டிய சுட்டவன்னு பேர் வாங்கணுமா? நாளைக்கு நிஜத்தத்தான் சொல்லுவேன்."

சின்ன பாஸ்டர் அடுத்த மிஷினை இழுத்து வரிசையில் வைத்தார். "சரிக்கா. உங்க மனசுல உள்ளதச் சொல்லுங்க. நானே மொழிபெயர்க்கிறேன்" என்றார். அவளும் நம்பினாள்.

ஞாயிறு காலை வரவேற்பு ஆராதனை. அறுபது எழுபது பேர். மூன்றாவது வரிசையில் ஆறு பெண்கள் தனியாக உட்கார்ந்திருந்தார்கள், தையல் வகுப்புக்கு வரப்போகிறவர்கள். டைலரம்மா மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் புருஷன் ஒரு நாளும் என் மேல கை ஓங்கினது இல்ல."

சின்ன பாஸ்டர் உருக்கமாக என்னவோ சொன்னார். முன்வரிசையில் ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கை ஓங்கவில்லை என்றால் வாயைப் பொத்துவார்களா? டைலரம்மாவுக்கு மூக்கு விடைத்தது. "இது இஸ்திரி போடும்போது நானே சுட்டுக்கிட்டது!" என்று சத்தமாகச் சொல்லி, எல்லோருக்கும் புரியட்டும் என்று வடுவைக் காட்டி, இஸ்திரிப் பெட்டியை அதில் அழுத்துகிற மாதிரி செய்தும் காட்டினாள். கூடமே ஐயோ என்றது. நர்ஸம்மா தேம்பித் தேம்பி அழுதாள். சின்ன பாஸ்டர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, இன்னும் நீளமாக மொழிபெயர்த்தார்.

என் தலையிலேயே மிளகாய் அரைக்கிறாயா என்று பல்லைக் கடித்தவள், இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, மேடையிலேயே, வீடியோவில் புருஷனைக் கூப்பிட்டாள்.

அங்கே மத்தியானம். மனிதர் அவளுடைய கடையில் இருந்தார். கழுத்தில் அளவு நாடா, கையில் ஒரு ஊதா ஜாக்கெட்.

"என்ன இந்த நேரத்துல? நல்ல வேளை, இந்த ஜாக்கெட் யாரோடது? பேர் எழுதாமப் போயிட்ட. ஒரு அம்மா காலைலேருந்து என்னை வாங்கு வாங்குன்னு வாங்குது."

"கண்ணாடிக் கடைக்காரம்மாவோடதுங்க. கொஞ்சம் அப்படியே உக்காந்திருங்க" என்றாள் டைலரம்மா. போனைத் திருப்பி, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து எல்லோருக்கும் காட்டினாள். திடீரென்று இத்தனை முகங்களைப் பார்த்ததும் அந்த மனுஷன் பதறிப்போய், ஜாக்கெட்டை மடியில் ஒளித்துக்கொண்டு கும்பிட்டார். "யாரும்மா இவங்கல்லாம்? நீ சாப்பிட்டியா இல்லையா? ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சாப்பிட்டேன். அப்புறம் பேசறேன்" என்று போனை அணைத்தாள். சின்ன பாஸ்டர் மைக்குக்காகக் கை நீட்டினார். "கிட்ட வந்தீங்கன்னா நடக்கிறதே வேற" என்றாள். பிறகு போனிடம் தமிழில் சொன்னாள், போன் அந்த ஊர் பாஷையில் மைக்கில் சொன்னது: "கடிதத்தில் இருப்பது பொய். என் கணவர் என்னை அடித்ததில்லை. இப்போது நீங்கள் பார்த்தவர்தான் அவர். எனக்குத் தைக்கத் தெரியும். அவ்வளவுதான் என் சாட்சி."

நர்ஸம்மா அழுகையை நிறுத்திவிட்டு சின்ன பாஸ்டரையே பார்த்தாள். அவர் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார். முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று டைலரம்மா மேடையை விட்டு இறங்கினாள்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒல்லியான ஒரு பெண் எழுந்து வந்து வழியை மறித்தாள். புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பு, இன்னும் சிவப்பு மாறவில்லை. தன் போனிடம் பேசி, டைலரம்மாவின் காதருகே பிடித்தாள்.

"உண்மையாகவே ஒரு தடவைகூட அடித்ததில்லையா?"

"ஒரு தடவைகூட இல்லம்மா."

"கோபம் வந்தால்?"

"கோவம் வந்தா டீக்கடைக்குப் போயிடுவாரு."

போன் சொன்னதை அந்தப் பெண் கேட்டாள். பிறகு மறுபடியும் போனிடம் ஏதோ சொன்னாள்.

"அவரை இன்னொரு முறை காட்டுங்கள்."

டைலரம்மா திரும்பக் கூப்பிட்டாள். அவர் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மறுபடியும் என்ன?"

"ஒண்ணுமில்லங்க, அப்படியே இருங்க. இங்க ஒரு பொண்ணு உங்களப் பாக்கணுமாம்."

"என்னையா? என்கிட்ட பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் அவர்.