ஆமினா லாத்தா எப்படித் துவைக்கச் சொன்னார்?

"லாத்தா வரட்டும், அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க" என்று ஒரு கஸ்டமரிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. அந்த ஆள் வடாலாவிலிருந்து பிரிண்ட் வெடித்த டி-ஷர்ட்டோடு வந்து, வேறு சட்டை கொடு என்று மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். போனில் காதர் அண்ணாச்சி, லாத்தாவின் வீட்டுக்காரர். "செல்வி, ஆமினா மவுத்தாயிட்டாம்மா. ஆஸ்பத்திரியிலதான் நிக்கேன்" என்றார். நான் "சரி அண்ணாச்சி" என்று போனை வைத்தேன். வைத்துவிட்டு அந்த ஆளிடம் திரும்பி, "லாத்தா இப்ப வந்துருவாங்க" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. அவரும் நம்பி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நான் அழுவதைப் பார்த்தார், சட்டையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு லாத்தாவைத் தெரியும். அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தானே நீங்களெல்லாம். தாராவியில் எங்கள் டி-ஷர்ட் பிரிண்டிங் கார்கானாவில் முதல் மேஜை அவருடையது. கார்கானா என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. கீழே ஒரு அறை, ஏணி வைத்து ஏறினால் மேலே ஒரு அறை. மேலே ஆட்கள் ஸ்கிரீன் வைத்து மை இழுப்பார்கள். கீழே லாத்தாவும் நானும் பிசிறு பார்த்து, மடித்து, பாக்கெட் போடுவோம். கம்ப்ளெயின்ட் யாராவது வந்தால் முதலாளி சேட் ஏணியில் ஏறி மறைந்துவிடுவார். லாத்தா மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

எனக்கும் அவருக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான். அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். எழுத்து என்பதால் இங்கே மரியாதையாக 'அவர்' போடுகிறேன். நேரில் 'நீ'தான். சண்டை என்றால் அதைவிடக் கீழேயும் இறங்குவோம்.

செம்பூரிலிருந்து ஒரு ஜிம் பையன் வந்தது நினைவிருக்கிறது. பிரிண்ட் பாளம் பாளமாக வெடித்திருந்தது. லாத்தா சட்டையை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தார், பிறகு கட்டைவிரலால் பிரிண்ட்டை ஒரு தேய் தேய்த்தார். "மெஷின்ல சுடுதண்ணி. உள்பக்கம் திருப்பல. மொட்டை மாடி வெயில்ல போட்டிருக்க. மேலால அயர்ன் வேற. இது பிரிண்ட்டா, அப்பளமா?" என்றார். பையன் ஹிந்தியில் என்னவோ முனகினான். "பிரிண்ட் மேல அயர்ன் வைக்கிறியே, உன் மூஞ்சி மேல வைப்பியா?" என்று ஹிந்தியிலேயே திருப்பிக் கேட்டார். சட்டையை மாற்றிக் கேட்க வந்தவன், போகும்போது இன்னும் இரண்டு சட்டை வாங்கிக்கொண்டு போனான். எனக்கு இன்றைக்கும் அது விளங்காத விஷயம். திட்டினால் ஆட்கள் கோபித்துக்கொண்டு போவார்கள் என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம்.

என் மண்டை காய்ந்தது வேறு காரணத்துக்கு. ஒரு மனுஷிக்கு ஒரு முறை என்று இருக்க வேண்டாமா? மாட்டுங்காவில் காலையில் வாக்கிங் போகும் பெண்கள் சேர்ந்து எங்களிடம் டி-ஷர்ட் அடித்தார்கள். அவர்களில் மூத்தவர் மாலதி மாமி. அவரிடம் லாத்தா, "ஒரு மூடி வினிகர் விட்டு அலசுங்க மாமி, கலர் நிக்கும்" என்றார். மறுவாரம் கணபதி விழா நடத்துகிற மண்டல் பையன்களுக்கு டி-ஷர்ட் வாங்க பரமசிவம் வந்தார். அவரிடம், "வினிகர் எல்லாம் வேண்டாம், உப்புத் தண்ணில ஊற வை" என்றார். அதற்கு முந்தின நாள்தான் நான் உப்பு போடலாமா என்று கேட்டு, "உப்பு மீனுக்கு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். பரமசிவம் போனதும் பிடித்துக்கொண்டேன். "எனக்கு மீனு, அவனுக்கு மட்டும் துணியா?"

லாத்தா மடிப்பதை நிறுத்தவில்லை. "அவன் மண்டல் பயலுவ பிரஷ் போட்டுத் தேய்ப்பானுவ. உப்புல ஊறினா அழுக்கு தானா போயிரும்னு நம்பிட்டா பிரஷைத் தொடமாட்டானுவ."

"அப்ப மாமிக்கு வினிகர் எதுக்கு?"

"அது உனக்கு எதுக்கு? பாக்கெட்டப் போடு."

அவ்வளவுதான். துணியைப் பார்த்துச் சொன்னாரா, ஆளைப் பார்த்துச் சொன்னாரா, அன்றைக்கு வாயில் வந்ததைச் சொன்னாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒன்று மட்டும் மாறாது. உள்பக்கம் திருப்பு, பச்சைத் தண்ணீர் ஊற்று. இந்த இரண்டையும் அவர் எல்லோருக்கும் சொன்னார்.

இனி ஒரு ஸ்கூட்டர் சட்டையின் கதைக்கு வருகிறேன். லாத்தாவுக்கு மை இழுக்கத் தெரியும், ஆனால் மேலே ஆட்கள் விடமாட்டார்கள். ஒருநாள் ஆர்டர் இல்லாத நேரம் பார்த்து ஏணியில் ஏறி, தானே ஒரு ஸ்கூட்டர் வரைந்து, ஸ்கிரீன் செய்து, ஒரு சாம்பல் நிறச் சட்டையில் அடித்துவிட்டு இறங்கி வந்தார். காதர் அண்ணாச்சியின் பழைய ஸ்கூட்டராம் அது. அண்ணாச்சி தோல் பை தைப்பவர். அந்த ஸ்கூட்டரில்தான் பைகளைக் கட்டிக்கொண்டு சுற்றுவார். படத்தில் ஸ்டெப்னி முன் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது. சட்டையைக் கோணலாக வைத்து அடித்ததால் ஹேண்டில் இடது தோளுக்கு மேலே ஏறிப் போயிருந்தது. ஊரில் எல்லோருடைய பிரிண்ட்டையும் குறை சொல்கிறவர் அடித்த லட்சணம் இது என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஓட்டுறவருக்குப் பிடிச்சாப் போதும்" என்றார். அடுத்த ஆர்டருக்காக அந்த ஸ்கிரீனைக் கழுவிவிட்டார்கள். கழுவிவிட்டால் டிசைன் போனது போனதுதான். உலகத்திலேயே அந்த ஸ்கூட்டர் அந்தச் சட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

அண்ணாச்சி அதை வருஷக்கணக்காகப் போட்டார். பிரிண்ட்டில் ஒரு கீறல் விழவில்லை. எங்கள் கடையில் வந்து நிற்கும்போதெல்லாம் லாத்தா அவரைக் கஸ்டமர்களுக்குக் காட்டி, "பாருங்க, இதுவும் இங்க அடிச்சதுதான்" என்பார். மனுஷர் கடைப்பொம்மை மாதிரி கூச்சத்தோடு நிற்பார்.

லாத்தாவின் கடைசி நாள் காலையிலும் அண்ணாச்சி போட்டிருந்தது அந்தச் சட்டைதான். லாத்தா குளிப்பதற்கு முன்னால் தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சு பிசைகிறது என்றிருக்கிறார். டாக்ஸியில் போகும்போது அண்ணாச்சியின் இடது தோளில் தலை சாய்த்திருக்கிறார். நல்ல மழை, வண்டி நகரவில்லை. "டிரைவர்கிட்ட கண்ணாடிய ஏத்தச் சொல்லுங்க, நனையுது" என்றாராம். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆஸ்பத்திரியில் இறக்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மாலதி மாமி வந்திருந்தார், பரமசிவம் வந்திருந்தார், லாத்தாவின் தங்கை மகள் நஸ்ரின் சாயா கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே அந்தச் சட்டை. இடது தோளில், ஹேண்டில் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் படிந்திருந்தது.

"இதை எப்படித் தொவைக்கணும்னு அவ சொல்லியிருப்பா, செல்வி?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி சொன்னார், "வினிகர்தான். என்கிட்ட அவ்வளவு தரம் சொல்லியிருக்கா."

"இல்ல மாமி, உப்பு. எங்கிட்ட சத்தியமா உப்புன்னுதான் சொன்னாக" என்றார் பரமசிவம்.

"பெரியம்மா ஊறவே வைக்கக்கூடாதும்பாங்க" என்று நஸ்ரின் ஆரம்பித்தாள். "ஷாம்பு போட்டு உடனே அலசிறணும்."

ஷாம்பு தலைக்குத்தான் என்று என்னிடம் சொன்னதும் லாத்தாவின் அதே வாய்தான். ஆளுக்கொரு பேச்சாக அறை நிறைந்துவிட்டது. துக்க வீடு என்பதை மறந்து வினிகரும் உப்பும் மோதிக்கொண்டன. "அவா என்ன, எனக்குப் பொய்யா சொல்லியிருப்பா?" என்று மாமி கேட்க, "அப்ப எனக்குச் சொன்னது பொய்யா?" என்று பரமசிவம் குரலை உயர்த்தினார். எனக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்றே தெரியவில்லை. லாத்தா இருந்தால் எல்லோரையும் ஒரு சத்தம் போட்டு அடக்கியிருப்பார்.

கடைசியில் மாமிதான் கேட்டார், "ஏன் பாய், உங்ககிட்ட அவா எப்படிச் சொன்னா?"

அண்ணாச்சி அறையின் மூலையில் இருந்த மோரியைப் பார்த்தார். லாத்தா துவைக்கிற இடம். அங்கே அவருடைய பக்கெட் கவிழ்த்துவைத்தபடி இருந்தது.

"எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லையே" என்றார். "அவளேதான் தொவைப்பா. என்னைத் தொடவிட்டதே இல்ல."

ஊருக்கெல்லாம் உபதேசம், வீட்டில் மனுஷருக்கு ஒரு வார்த்தை கிடையாது. அண்ணாச்சி அந்தப் பையைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், குடையும் பையுமாகக் கார்கானாவுக்கே வந்துவிட்டார். லாத்தாவின் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காராமல் ஸ்டூலை இழுத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீ ஒண்ணும் சொல்லலியே, அதான் வந்தேன்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அண்ணாச்சி, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு சொட்டு விட்டு, உள்பக்கமா விரலால தடவி அலசினா எண்ணெய் போயிரும். பிரிண்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படியே விட்டா பிரிண்ட்டுல இருக்கிற ரப்பர் எண்ணெயக் குடிச்சு பிசுபிசுன்னு ஆகும். மடிச்ச இடத்துல ஒட்டி உரிஞ்சு வந்துரும். மழைக்காலம் வேற, பூஞ்சணம் பிடிக்கும்."

"எண்ணெய் போயிருமா?"

"சுத்தமா போயிரும்" என்றேன். தொழில் தெரிந்தவள் என்கிற பெருமையோடுதான் சொன்னேன்.

அவர் மேஜைமேல் இருந்த பையை மெல்ல இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷர் கறையை எடுக்க வழி கேட்டு வரவில்லை.

"தொவைக்கிற வழிய அவ ஊருக்கே சொல்லிக் கொடுத்திருக்கா, செல்வி. இந்த எண்ணெய் எனக்கு மட்டும்தான்" என்றார். "ஆனா அந்த ஸ்கூட்டர் உரிஞ்சுபோனா அவ பொறுக்கமாட்டா. அவ கையால வரைஞ்சது. தொவைச்சா அவ போயிருவா, தொவைக்காட்டி அவ வேலை போயிரும். எனக்கு ஒண்ணும் ஓடல. நீ அவகூடவே இருந்தவ. நீ சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன்."

எனக்கு மட்டும் என்ன ஓடியது? இத்தனை வருஷம் பிரிண்ட் நிற்க வேண்டும் என்பதற்காகவே வாயும் கையும் வலிக்க வேலை பார்த்தோம். அழுக்கோடு மடித்துவைத்தால் துணி செத்துப்போகும் என்று லாத்தா எத்தனை பேரை விரட்டியிருக்கிறார். அந்த மேஜையில் உட்கார்ந்துகொண்டு துவைக்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது? துவையுங்கள் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? லாத்தா என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். மாமிக்கு ஒன்று, பரமசிவத்துக்கு ஒன்று சொன்னவர் தன் புருஷனுக்கு என்ன சொல்லியிருப்பார்? எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

நான் எழுந்து பட்டர் பேப்பர் எடுத்தேன். பிரிண்ட்டும் பிரிண்ட்டும் ஒட்டாமல் இருக்க நடுவில் வைக்கிற தாள். சட்டையை வாங்கி விரித்து, ஸ்கூட்டர் மேல் ஒரு தாள், தோளில் எண்ணெய் பட்ட இடத்தில் தனியாக ஒன்று வைத்து, அந்த இடத்தில் மடிப்பு விழாமல் மடித்தேன். அலசவில்லை. உதறக்கூட இல்லை. எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது. காற்றுப் போகிற மாதிரி துணிப்பையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"ரொம்ப நாள் தாங்காது, அண்ணாச்சி."

"தெரியும்மா" என்றார். பையைத் தான் போட்டிருந்த சட்டைக்குள் வைத்து, அதற்கு மேல் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார். அவர் முதுகு முழுக்க நனைந்தது.

லாத்தா, நான் செய்தது சரியா என்று இன்னும் புரியவில்லை. நீ வரைந்த ஒரே ஒரு படம், கொஞ்சம் கொஞ்சமாக உரிந்துகொண்டிருக்கும். இந்த மழை முடிவதற்குள் பூஞ்சணமும் வந்திருக்கும். எந்தக் கிறுக்கி இதைத் துவைக்காமல் மடித்துக் கொடுத்தாள் என்று நீ கத்துவாய். நான்தான் லாத்தா. மற்றவர்களுக்கெல்லாம் நீ சொன்ன முறை ஒன்று மிச்சம் இருக்கிறது, வினிகரோ உப்போ. என்னிடம் இருப்பது நீ திட்டாமல் போன இந்த ஒரு திட்டுதான்.