பொட்டு வைத்த மவுஸ்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வெள்ளைக்காரர்களிடம் மட்டும் வராது. லண்டன் பக்கத்து ஆட்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே சரிசெய்யும் வேலை அப்போது. பிளக்கைச் செருகாமலேயே அரைமணி நேரம் என்னைத் திட்டித் தீர்த்த ஒரு மகராசனிடம்கூட "உங்கள் சிரமம் புரிகிறது சார்" என்று குழைந்திருக்கிறேன். சேர்த்துவைத்த கோபமெல்லாம் திருப்பதி போகும் வழியில் வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் மேல்தான் இறங்கும்.

அந்த வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தம்பி குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போகும்போது வாங்கி வைத்துவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. நம்மூர் நேரம் நாலு மணிக்கு நெட் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வீடியோவில் பேசுவான். நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, அந்தக் கம்ப்யூட்டரில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: நீல வட்டம் ஒன்று இருக்கும், அதன் மேல் டக்கு டக்கென்று இரண்டு தட்டு. அது திறந்தால் பிள்ளை வருவான்.

அந்த வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. அதற்கு முன்னால் இரண்டு வாரம் தம்பி வரவில்லை. மஞ்சள் காமாலை என்று படுத்திருந்தான். போனில் "சரியாப் போச்சும்மா" என்று அவன் சத்தியம் செய்தும் அம்மா நம்பவில்லை. "கண்ணு வெளுத்துச்சா இல்லியான்னு நான் பாக்கணும்" என்று ஒரே பிடிவாதம்.

மூன்று மணிக்கு நைனா எனக்கு போன் செய்தார். ஆபீசுக்குள் செல்போனை எடுக்கக் கூடாது என்பதால் மாடிப்படிக்கு ஓடினேன்.

"டேய், எல்லாம் பூட்ச்சுடா. ஒண்ணியும் காணோம்."

"இன்னா காணோம்? ஸ்க்ரீன்ல இன்னா தெரியுது?"

"பெருமாளு தெரியறாரு."

"அவரத் தவிர?"

"அவரத் தவிர வேற இன்னாடா தெரியணும்?"

தம்பி வால்பேப்பராக வைத்துவிட்டுப் போன திருப்பதி பெருமாள். அவர் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த ஐகான்கள் மொத்தமும் மாயம். நீல வட்டமும்தான்.

"எத்தையாவது தொட்டீங்களா?"

"அய்ய, நாங்க ஏன்டா தொடறோம்!"

இந்தப் பதிலை நான் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்கிறவன். யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள், பாவம். துருவித் துருவிக் கேட்டபின் விஷயம் வெளியே வந்தது. பம்ப்செட், மண்வெட்டி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அம்மா, கம்ப்யூட்டரிடம் வந்திருக்கிறாள். உள்ளே பெருமாள் இருக்கும்போது அணைத்து வைப்பதாவது என்று நைனா அதைப் போட்டே வைத்திருக்கிறார். மவுஸின் வலது பட்டனில் சந்தனம் வைத்து ஒரு அழுத்து. பட்டியல் ஒன்று விரிய, மவுஸ் கொஞ்சம் நழுவியிருக்கிறது. இடது பட்டனில் குங்குமம் வைத்து இன்னொரு அழுத்து. ஐகான்களைக் காட்டு என்கிற இடத்தில் இருந்த டிக்கை எங்கள் அம்மா குங்குமத்தாலேயே எடுத்துவிட்டாள்!

"ஒண்ணும் அழியல நைனா, மறைஞ்சிகீது, அவ்ளோதான். மவுஸ எடு."

அந்தப் பக்கம் அம்மாவின் குரல் சீறியது. "பூசையில வெச்சத நாளிக்கு காலைலதான் எடுக்கணும். தொட்டீன்னா பாரு!" என்று நைனாவை அதட்டிவிட்டுப் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யம்மா, அத்த தொடாம எப்படி? நாலு மணிக்கு அவன் வந்துட்டுப் போயிடுவான்!"

"நீல வட்டத்த தட்டவும், அவன் கூப்ட்டா எடுக்கற பச்ச பட்டன ஒரு தபா அமுத்தவும் மட்டும் சாமிகிட்ட கேட்டுக்கினேன். அதுக்கு மேல வாணாம். புள்ள உடம்பு சரியில்லாத நேரத்துல தெய்வ குத்தம் ஆவக் கூடாது."

நான் கத்தினேன். படிக்கட்டு எதிரொலிக்கும் அளவுக்குக் கத்தினேன். படித்தவர்கள் வீட்டில் பிறந்திருக்கக் கூடாதா என்றுகூடச் சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளையைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பிள்ளைக்காக வைத்த பூஜையைக் கலைக்கவும் மனசு வரவில்லை அவளுக்கு.

நைனாதான் போனை வாங்கி மெதுவாகக் கேட்டார். "ஏன்டா, பழைய மவுசு ஒண்ணு அட்டப் பொட்டில கீது. ஒடைஞ்சத பூசைல வெக்கக் கூடாதுன்னு உங்கம்மா அத்துக்குப் பொட்டு வெக்கல. ஆவுமா?"

தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

அம்மா ஒப்புக்கொண்டாள். பழைய மவுஸைச் செருகினார்கள். மூன்று தடவை அமுக்கினால் ஒரு தடவை கேட்கும் மவுஸ் அது. நைனா தெலுங்கு மீடியத்தில் ஐந்தாவது வரை படித்தவர். இங்கிலீஷை எழுத்து எழுத்தாகத்தான் வாசிப்பார். வலது பட்டனை அமுக்கு, வருகிற பட்டியலைப் படி. வி, ஐ, இ, டபிள்யூ. அங்கே நில்லு. பக்கத்தில் இன்னொன்று விரியும். கடைசி வரியில் தட்டு. இல்லை, இன்னொரு தடவை தட்டு.

"வச்சேசிந்திரா! அல்லாம் வந்துட்ச்சு!" சந்தோஷம் தாங்காவிட்டால் நைனாவுக்குத் தெலுங்குதான் வரும்.

நாலு அடிக்க ஐந்து நிமிடம். போனை வைக்காமல் அப்படியே மேசை மேல் போட்டுவிட்டார். கம்ப்யூட்டர் மணி அடித்தது, தம்பியின் குரல் வந்தது. "கிட்ட வாடா. இன்னும் கிட்ட. கண்ணுக்குக் கீழ இழுத்துக் காட்டு" என்றாள் அம்மா. பிறகு, "வெளுத்துட்ச்சு. எம்மா, வெளுத்துட்ச்சு" என்று அழுதாள்.

"அண்ணன் பண்டிகைக்கு வர்லியாம்மா?" என்றான் தம்பி.

"அவனுக்கு ஏதுடா லீவு. சென்னைல இருந்து மூணு மணி நேரம் பஸ்ஸு. மூஞ்சிய பாத்து நாலு மாசமாவுது. நீ கடல் தாண்டி கீற, உன்னப் பாக்க இந்தப் பொட்டி கீது. அவனப் பாக்க நான் இன்னாத்த வெக்கறது?"

"அம்மா" என்று கூப்பிட்டேன். மேசை மேல் கிடந்த போனை யாரும் கவனிக்கவில்லை.

உள்ளே போய் டீம் லீடர் முன்னால் நின்றேன். ஊருக்குப் போகணும், இப்பவே என்றேன். வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் இல்லை சார், போகணும் என்றேன்.