ஐந்து மணி நேரம் கிடந்த கம்பி

வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தாலும், சின்ன வயதில் அண்ணன் வைத்த ‘பம்பரம்’ என்ற பெயர்தான் அவளுக்கு நிலைத்தது. உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்கமாட்டாள். சாப்பிடும்போதே எழுந்துபோய் கேஸ் அடுப்பின் திருகை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

நாற்பத்திரண்டு வயதில் அவள் பார்த்த வேலையும் அதற்கேற்றதுதான். பெரிய சமையற்கூடங்களில் தீ அலாரம் அடித்தால், அடுப்புகளுக்குப் போகும் கேஸ் தானாக நின்றுவிட வேண்டும். அலாரப் பெட்டியையும் கேஸ் குழாயில் உள்ள வால்வையும் அப்படி இணைத்துக் கொடுக்கும் நிறுவனத்தில் பதினோரு வருடமாக டெக்னீஷியனாக இருந்தாள்.

அண்ணன் ஒரு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் தலைமைச் சமையல்காரர். அங்கே இணைப்பு வேலை தங்கையின் கைக்கே வந்தபோது இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமை மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் திறந்தால் ஆவி குப்பென்று மேலே போகும். கூரையிலிருந்த, தீயைக் கண்டறியும் டிடெக்டர் அதைப் புகை என்று நினைத்து அலறும். வால்வு மூடிக்கொள்ள, பதினாறு அடுப்பும் ஒன்றாக அணையும். அண்ணன் பலமுறை சொல்லிப் பார்த்தார். இயந்திரத்தை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள் என்று அவள் ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்தாள்.

அன்று காலை மட்டும் மூன்று முறை அடித்துவிட்டது. பதினொரு மணிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது சோறு பாதி வெந்து, பாதி வேகாமல் நின்றது. அண்ணனின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“இன்னைக்கு ஒருநாள் இதைக் கட்டிப் போடு” என்றார். “மேல நானூறு பேர் படுத்திருக்காங்க. அவங்களுக்கு நான் வால்வையா பரிமாற முடியும்?”

அவள் முடியாது என்றாள். பிறகு மாடியிலிருந்து ஒரு நர்ஸ் இறங்கி வந்து, சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போட்டாயிற்று, சாப்பாடு எப்போது வரும் என்று கேட்டாள். அதற்குமேல் பம்பரத்தால் மறுக்க முடியவில்லை. அலாரப் பெட்டியைத் திறந்து, இரண்டு திருகாணிகளுக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு கம்பியை மாட்டினாள். இனி அலாரம் எவ்வளவு கத்தினாலும் வால்வு மூடாது.

மதியம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பஸ் ஓட்டும் கணவர் அதற்காகவே லீவு போட்டிருந்தார். மகள் வகுப்பில் ஓரிடத்தில் இருப்பதில்லை என்று டீச்சர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மூன்றரை மணிக்கு எண்ணெய்ச் சட்டிகளை ஏற்றுவார்கள், தீப்பிடித்தால் கேஸ் நிற்காது என்ற நினைப்பே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டபோது, “கம்பியை இன்னும் எடுக்கல” என்றாள்.

கணவர் அவள் பக்கம் சாய்ந்து, “நீ கிளம்பு. உடம்பு மட்டும் இங்க இருந்து என்ன பிரயோஜனம்?” என்றார்.

ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் சிக்னல்கள் அவளுக்கென்றே சிவப்பாக விழுந்தன. மருத்துவமனைத் தெருவில் சைரன் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தாள். ஆம்புலன்ஸ்தான். சமையற்கூடத்தில் எல்லாம் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. நாலு சட்டிகளில் எண்ணெய் கொதித்தது, யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவளை இன்னும் பதற வைத்தது. நேராகப் போய்க் கம்பியைப் பிடுங்கி எடுத்தாள். ஒரு மணி நேரம் யாரும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று சொல்லி எல்லாவற்றையும் அணைக்கச் செய்தாள்.

அண்ணன் கரண்டியோடு வந்தார். “காலையில போட்டதும் நீதான், இப்ப பிடுங்குறதும் நீதான். என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது?”

“போட்டது தப்பு, அண்ணே. அதுக்கு முன்னாடியும் ஒரு தப்பு பண்ணிட்டேன். வரைபடத்தைப் பார்த்துதான் டிடெக்டரை மாட்டினேன். அதுல கழுவுற மெஷினே இல்ல. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அவர் கரண்டியை ஓரமாக வைத்தார். கூரைக்கு ஏற அவள் சாய்த்த ஏணியைப் பிடித்துக்கொண்டார். நிறுவனத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி அனுமதி வாங்கியபின், தன் கருவிப் பையிலிருந்த, ஆவிக்கு ஏமாறாமல் கடும் சூட்டுக்கு மட்டும் அடிக்கும் டிடெக்டரை அந்த இடத்தில் மாட்டினாள். எண்ணெய்ச் சட்டிகளை இறக்கச் சொல்லி, அடுப்புகளைப் பற்றவைத்துச் சோதனை செய்தாள். சூடான காற்றை டிடெக்டரில் காட்டியதும் அலாரம் அலறியது. நீலச் சுடர்கள் குறுகித் துடித்து அணைந்தன.

“சரி, திறந்து விடு” என்றார் அண்ணன்.

“முதல்ல எல்லா அடுப்புத் திருகையும் மூடணும். நீங்களே பார்த்துட்டு வாங்க.”

அவர் முணுமுணுத்தபடி வரிசையாக மூடிக்கொண்டே போய், எல்லாம் மூடியாயிற்று என்று திரும்பினார். வால்வைத் திறக்கும் சாவியை அலாரப் பெட்டியில் நுழைத்தவள் அதைத் திருப்பவில்லை. தானும் ஒரு சுற்றுப் போனாள். மூலையில், பெரிய அண்டாவின் பின்னால் ஒரு திருகு முழுதும் திறந்து கிடந்தது. அப்படியே கேஸை விட்டிருந்தால் சுடர் இல்லாமல் கேஸ் மட்டும் பரவியிருக்கும். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து தானே மூடினார்.

அன்றே அவள் பராமரிப்புப் பதிவேட்டில், இணைப்பை ஐந்து மணி நேரம் முடக்கி வைத்தது தான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, போனில் சொன்னது பேச்சோடு போயிருக்கும் என்று அண்ணி பின்னால் அங்கலாய்த்தாள். நிறுவனம் அவளை இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. அந்த இரண்டு வாரமும் வீடு பட்ட பாடு கொஞ்சமல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக்கூடக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

ஒருநாள் அண்ணன் போன் செய்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “கேஸை விடுறதுக்கு முன்னாடி யாராவது ரெண்டு பேர் சுத்திப் பார்க்கணும்னு எழுதி ஒட்டப்போறேன். எப்படி எழுதணும்னு சொல்லு.” அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நலம் விசாரிக்காமலே வைத்துவிட்டார். இருவருக்கும் அது போதுமாயிருந்தது.

வேலைக்குத் திரும்பியபின் அவள் போன முதல் இடம் ஒரு விடுதிச் சமையற்கூடம். வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆவி எங்கிருந்து கிளம்பும் என்று சமையல்காரர்கள் ஒவ்வொருவரையும் கேட்டாள். அவர்கள் கை காட்டிய இடமெல்லாம் போய் நின்று, கூரையை அண்ணாந்து பார்த்தாள்.