வீதிக் கரையில் நின்றவள்

"நத்தாருக்குள்ள முடிஞ்சிடும்" என்றார் எங்கள் வழக்கைப் பேசும் சட்டத்தரணி. எந்த வருடத்துக் கிறிஸ்மஸ் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்காமல் விட்டேன்.

மன்னாருக்குத் தெற்கே கொண்டச்சிப் பக்கம் கருவாட்டு மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற என் அக்காவை மணல் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று அடித்தது. எலும்பு பொருந்தியது. ஆனால் வலது முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். அவள்தான் குறுக்கே ஓடினாள் என்றது டிப்பர் தரப்பு.

"ஓடினனானாம்! பஸ்ஸுக்கே ஓடாதவள் நான்" என்று அக்கா கொதித்தாள். "காசு வாறதும் வராததும் ஒருபக்கம். நான் குறுக்க ஓடேல்ல எண்டு கோட்டில நீதிபதி ஐயா சொல்லவேணும்."

நீதிமன்றத்தை எங்கள் ஆட்கள் கோடு என்பார்கள். அந்தக் கோட்டில் ஒரே ஒரு சொல் எங்கள் காலை வாரியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அக்கா கொடுத்த வாக்குமூலத்தில், "கரையிலதான் நிண்டனான்" என்று சொல்லியிருந்தாள். அதை ஒரு பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுத, இன்னொருவர் திரும்பவும் தமிழாக்கினார். போய் வந்ததில் வீதிக் கரை கடற்கரையாகிவிட்டது. எதிர்த்தரப்புக்கு அடித்தது யோகம்: கடற்கரையில் நின்றவள் ரோட்டுக்கு ஓடித்தானே வந்திருக்கவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு தவணை மேல் தவணையாக வழக்கு தள்ளித் தள்ளிப் போனது. ஒருமுறை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் காய்ச்சல். இன்னொருமுறை சாட்சி சொல்ல வேண்டிய வைத்தியர் வரவில்லை. வழக்கு விசாரணை தொடங்கும் நேரத்தில் நீதிபதி மாற்றலாகிப் போனார். புதியவர் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தார். கொரோனா வந்து நீதிமன்றத்தையே பூட்டவைத்தது. நான் ஓட்டோ ஓட்டுகிறவன். மன்னார் ரவுனில் கழுதை குறுக்கே நின்றாலே ஹோர்னில் இருந்து கையை எடுக்கமாட்டேன். ஒவ்வொரு தவணையும் முடிந்து அக்காவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வாய்க்கு வந்தபடி ஏசுவேன்.

"வழக்கும் என்னை மாதிரித்தான்டா. நொண்டி நொண்டி எண்டாலும் நடக்குதுதானே" என்பாள் பின்னால் இருந்து.

வீட்டுக்கு வந்ததும் சீலையை மாற்றிவிட்டு, வெயில் இறங்குமுன் கருவாடு புரட்டப் போய்விடுவாள். இவளுக்கு நெஞ்சுக்குள் என்னதான் இருக்கிறது என்று எனக்குப் பெரிய ஆச்சரியம். போகப்போக அது கொஞ்சம் பயம் கலந்த மரியாதையாகவும் மாறியது.

ஒருநாள் எங்கள் சட்டத்தரணி எங்கள் இருவரையும் ஒருபக்கமாகக் கூப்பிட்டார். "கரை எண்ட சொல்லை விட்டிடுங்கோ அம்மா. ரோட்டோரம் எண்டு சொல்லுங்கோ."

"மாத்திச் சொன்னா முதல் சொன்னது பொய்யெண்டாகிடும், ஐயா. நான் கரையிலதான் நிண்டனான்."

பிடிவாதக்காரி, வழக்கைக் கெடுக்கப்போகிறாள் என்று மனதுக்குள் ஏசினேன்.

கடைசியில் அக்கா சாட்சிக் கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சிரித்துக்கொண்டே கேட்டார்: "கரையில நிண்டதெண்டு சொல்லியிருக்கிறீங்கள். கடற்கரையில டிப்பர் ஓடுமோ அம்மா?"

பின்வரிசை வாங்கில் இருந்த சிலர் சிரித்தார்கள். அக்கா சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்: "ஐயா, எங்கட பக்கம் கடலுக்கும் கரைதான், குளத்துக்கும் கரைதான், நான் கட்டியிருக்கிற சீலைக்கும் கரைதான். ரோட்டுக்கு மட்டும் கரை இருக்கக்கூடாதோ?"

சிரிப்பு நின்றது. நீதிபதி தலை குனிந்து எழுதத் தொடங்கினார்.

தீர்ப்பு வர மேலும் பல தவணைகள் போயின. வந்த அன்று, வாதி வீதியின் கரையிலேயே நின்றார், குறுக்கே ஓடவில்லை என்று நீதிபதி வாசித்தார். அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். விபத்து நடந்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

வெளியே வந்ததும் சட்டத்தரணி மெதுவாக இழுத்தார். "அவையள் அப்பீல் பண்ணப்போகினமாம். மேல்கோட்டில இன்னும் கனகாலம் இழுபடும், அம்மா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் என் வாயில் வந்தது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் கேட்டாள்:

"அந்தக் கோட்டுக்கு இஞ்சயிருந்து காலமை பஸ் எத்தினை மணிக்கு, ஐயா?"