சும்மா சொன்னது

என் தம்பி மகள் உளவியலில் முதுகலை படிக்கிறாள். ஆய்வுக்கு ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வேண்டும் என்று அவள் கேட்டபோது நான் உடனே தலையாட்டியது பாசத்தால் மட்டுமல்ல. ஓசியில் என் ஞாபகசக்தியைச் சோதித்துக்கொள்ளலாமே என்ற ஆசையும் இருந்தது. லாயாங் லாயாங் என்ற ஊரில் இருந்த என் அக்கா, கடைசிக் காலத்தில் என்னையே பார்த்து, "நீங்க எந்த எஸ்டேட்டு?" என்று மரியாதையாகக் கேட்டவள். அன்றிலிருந்து அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலே எனக்கும் அந்த மறதி வந்துவிட்டதோ என்று தோன்றும்.

கூலாயில் ஒரு டியூஷன் சென்டரின் பின்னறையில்தான் சோதனை. குடை, சாவி, முருங்கைக்காய் என்று அவள் சொற்களை வாசித்தாள். சற்று நேரம் கழித்து நான் நினைவிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். நன்றாகவே சொன்னதாக நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் ஒட்டியிருந்த ஓர் உறையைப் பிரித்து உள்ளே பார்த்தாள்.

"அத்தை, உங்க வயசுக்காரங்களோட பார்த்தா உங்க ஞாபகசக்தி கொஞ்சம் கம்மிதான்."

என் இடுப்பில் உட்கார்ந்து சோறு தின்ற பெண், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாள். உடனே இரண்டாவது சுற்று. புதிய சொற்களை வாசித்தாள். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. முதல் சுற்றின் சாவியையே மறுபடியும் சொன்னேன். கண்ணுக்குள் அக்கா நின்றாள்.

எல்லாம் முடிந்ததும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, அந்த ரிசல்ட் உண்மையில்ல. சும்மா சொன்னது."

பிறகு விளக்கினாள். சில உறைகளில் 'நன்று' என்று இருக்குமாம், சிலவற்றில் 'குறைவு' என்று இருக்குமாம். குலுக்கிப் போட்டு எடுப்பதால் யாருக்கு எது வரும் என்று பிரிக்கும்வரை அவளுக்கே தெரியாதாம். குறைவு என்று கேட்டவர்கள் அடுத்த சுற்றில் நிஜமாகவே தடுமாறுகிறார்களா என்பதுதான் ஆய்வு. முன்கூட்டியே சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடுமாம்.

"சரி, அப்ப என்னோட உண்மையான மார்க் என்ன?"

"அத நாங்க பார்க்கல அத்தை. ஒரு ஆளை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு குரூப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தாதான் தெரியும்."

"அப்ப ரெண்டாவது தடவ நான் உளறினது?"

"அது நான் சொன்னதால இருக்கலாம். நீங்களா மறந்ததாவும் இருக்கலாம். அதான் நிறையப் பேரு வேணும்."

எனக்குத் தலை சுற்றியது. ஜோசியக்காரன்கூட ஏதாவது ஒரு பக்கம் பேசுவான். இவள் பொய் சொன்னேன் என்கிறாள், உண்மை எது என்றால் கையை விரிக்கிறாள். கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அதிலும் அவள் வேறு சொல்லைச் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் 'சும்மா சொன்னேன்' எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாதா? இந்தச் சேலையில் குண்டாகத் தெரிகிறாய் என்று சொல்லிவிட்டு, எதிரில் முகம் சுருங்கினால் உடனே வரும். பொய்க்கு அதைச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. வாய்தவறி வந்த உண்மையைத்தான் அதைப் போட்டு மூடுவோம். "என்னையே மறந்துட்டியா அக்கா?" என்று கேட்டு, அவள் மிரண்டு பார்த்ததும், "சும்மா கேட்டேன்க்கா" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

திரும்பும் வழியில், கார் ஓட்டிக்கொண்டிருந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரித்தார்.

"அலமாக்! பொய்யின்னு அவளே சொல்லிட்டாளே, அப்புறம் என்ன?"

"அவள விடுங்க. இத்தன வருசம் கூட இருக்கீங்க, நீங்க சொல்லுங்க. நான் மறக்கிறேனா?"

இருபுறமும் செம்பனை மரங்கள் ஓடின. அவர் சாலையைப் பார்த்தபடியே சாதாரணமாகச் சொன்னார்.

"கொஞ்ச நாளா நீ கொஞ்சம் மறக்கிறதான்."

சிக்னலில் கார் நின்றதும் அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"ஏய், சும்மா சொன்னேன் லா."