நான் பொறுப்பு என்று பாடியவன்

நண்பர்களே, பாபுவின் அழைப்பு வந்தபோது நான் தங்கசாலைப் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். நம் கச்சேரியில் டிரம்ஸ் வாசித்த அதே பாபு. காலை வேளையில் அவன் யாரையும் அழைக்கிறவன் இல்லை. "ஆல்பர்ட் போய்ட்டான்" என்றான். எங்கே என்று கேட்டேன். வேலைக்கோ வெளியூருக்கோ போயிருப்பான் என்றுதான் என் புத்தி போயிற்று. பாபு, "கவிதா" என்று என்னைக் கூப்பிட்டான். பிறகு சொன்னான். எண்ணூர் விரைவுச் சாலையில், கண்டெய்னர் யார்டில் வேலை முடிந்து வரும்போது, டிரெய்லர் வண்டி ஒன்று அவன் பைக்கில் ஏறிவிட்டது.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் ஆல்பர்ட்டின் குரலைக் கேட்டேன். வியாசர்பாடியில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மாநகராட்சித் தேர்தல் அறிவித்திருந்தார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று முனை திரும்பி வந்தது. "நான் பொறுப்பு, நான் பொறுப்பு, இந்தத் தெருவுக்கு நான் பொறுப்பு" என்று அவன் பாடிக்கொண்டு வந்தான். இரண்டாவது "பொறுப்பு"வில் அவன் குரல் லேசாக உடையும். நம் தேர்தல் பாட்டை ஒலிப்பதிவு செய்தவர் அதைச் சரிசெய்யலாம் என்று சொன்னபோது வேண்டாம் என்று நாம்தான் சொன்னோம். ஆட்டோ என்னைக் கடந்து அடுத்த தெருவுக்குப் போயிற்று. அங்கிருந்தும் பாடினான். துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் தேய்ந்து மறையும்வரை அப்படியே நின்றேன்.

உங்களில் பலர் அந்தக் கச்சேரி அன்று நாற்காலி தூக்கியவர்கள். பேனர் கட்டியவர்கள், தண்ணீர் கேன் சுமந்தவர்கள். ஆனாலும் நம்மோடு இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மாலைக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது, கல்லூரிக்கு எதிரே செல்வம் அண்ணன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். வெள்ளம் வந்த வருஷம் காசிமேட்டிலிருந்து தன் அப்பாவின் ஃபைபர் படகை மினிலாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் தெருக்களில் இறக்கினார். கர்ப்பிணிகளையும் நடக்க முடியாதவர்களையும் அதில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அவர் கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போகிறார் என்று தெரிந்ததும், அவருக்காக மாணவர்களே ஒரு கச்சேரி நடத்தலாம் என்று முதலில் சொன்னவன் ஆல்பர்ட். ராயபுரத்துப் பையன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சர்ச் பாடகர் குழுவில் சிறு வயதிலிருந்து பாடி வளர்ந்த குரல். அண்ணனுக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. எல்லோரும் சிரித்தார்கள். ஆல்பர்ட் மட்டும், "தலைக்குத் தலை ஒரு ஓட்டு, தலைக்குத் தலை ஒரு சீப்பு, இன்னா குறை?" என்றான்.

கச்சேரிக்கு அவன் தேர்ந்தெடுத்த இடம் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள மைதானம். பெயர்தான் மைதானம். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போகும் குப்பை லாரிகள் ஒதுங்கி நிற்கிற இடமாக அது மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த லாரிகளை அப்புறப்படுத்துவதுதான் செல்வம் அண்ணனின் முதல் வாக்குறுதி. அதனால் அங்கேதான் பாட வேண்டும் என்று ஆல்பர்ட் பிடிவாதமாக நின்றான். காவல் நிலையத்தில் அனுமதி வாங்க அலைந்தது நானும் இன்னும் இருவரும். மைதானத்தின் ஒரு மூலையை ஒழித்து, கழுவி, மணல் கொட்டி, சாம்பிராணி போட்டோம். நாற்றம் போகவில்லை.

மாலையில் ஜனங்கள் வந்தார்கள். மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு வந்தார்கள். முதல் பாட்டுக்கு முன்பு ஆல்பர்ட் மைக்கைப் பிடித்துச் சொன்னது நமக்கெல்லாம் நினைவிருக்கும். "மூக்க மூடாதீங்க. இன்னிக்கு நல்லா மோந்து வெச்சுக்கோங்க. அடுத்த எலக்சன்ல இந்த நாத்தம் இங்க இருக்காது. அதுக்கு நான் பொறுப்பு." அண்ணன் பொறுப்பு என்றுதான் அவன் சொல்லியிருக்க வேண்டும். பாட்டின் வரி வாயில் வந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் குடியிருப்பின் மேல் மாடிகளிலிருந்தும் சேர்ந்து பாடினார்கள். செல்வம் அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டோம். அவர் ஏறவில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்த ஆல்பர்ட் என் காதில், "அண்ணன் அயுதுட்டாரு கவிதா. இனிமே நமக்கு பயம் இல்ல" என்றான். அந்த அழுகை பொய் என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

அண்ணன் ஜெயித்தார். ஒரு வருஷம் போவதற்குள் பெரிய கட்சி ஒன்றில் சேர்ந்தார். மைதானத்தைச் சுற்றிச் சுவர் எழும்பியது. நாங்கள் விளையாட்டுத் திடல் வரப்போகிறது என்று நம்பினோம். சுவருக்குக் கேட் வைத்தார்கள். கேட்டுக்குள்ளே குப்பை லாரிகள் வரிசையாக நின்றன. முன்பு ஒதுங்கி நின்றவை இப்போது உரிமையோடு நின்றன. ஆல்பர்ட்டும் நானும் அவர் அலுவலகத்துக்குப் போனோம். அண்ணன் டீ வரவழைத்தார். வார்டில் ஏதாவது நடக்க வேண்டுமானால் அவர்களோடு இருந்தால்தான் நடக்கும் என்றும், லாரி விஷயம் தன் கையை மீறியது என்றும் நிதானமாக விளக்கினார். ஆல்பர்ட் அந்தப் பாட்டை இனிமேல் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அண்ணன் சிரித்தார். "அது இப்ப ஜனங்க பாட்டுடா" என்றார்.

வெளியே வந்து வேகமாக நடந்தான். பிறகு சொன்னான்: "பேச்சுல சொன்ன பொய்ய ஜனம் மறந்துடும். பாட்டுல சொன்னது வாயிலயே ஒட்டிகினு கீது. எப்டி எடுக்கறது?"

அவன் எடுத்த வழி எங்களில் யாருக்கும் தோன்றியிராதது. ஓட்டுக் கேட்டுப் படியேறிய வீடுகளுக்கே திரும்பப் போனான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவான். ஒரு முறை நானும் கூடப் போனேன். கதவைத் தட்டுவான். "போன எலக்சன்ல செல்வம் அண்ணனுக்காக இங்க வந்து பாடுனது நான்தான். லாரி போய்டும்னு சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்" என்பான். சொல்லிவிட்டு அங்கேயே நிற்பான். எனக்குக் கூசியது. வா போகலாம் என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். கீழே இறங்கியதும் சொன்னான்: "சொல்லிட்டு ஒடனே கெளம்பக் கூடாது கவிதா. திட்றதுக்கு டைம் குடுக்கணும்."

திட்டியவர்கள் உண்டு. சிலர் யாரென்றே தெரியாமல் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது மாடியில் பேபியம்மா என்று ஒருவர். பேரனுக்கு இளைப்பு; லாரிகள் வந்தபிறகு ஜன்னலைத் திறப்பதே இல்லை. அவர் ஆல்பர்ட்டை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "நீ இன்னா பண்ணுவ நைனா. நீ பாடுன, நாங்க நம்புனோம். வந்து சொல்றதுக்கு ஒருத்தனாவது கீறானே" என்றார். அவன் அந்த வீட்டிலிருந்து இறங்கி வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு அவன் பாடவில்லை. சர்ச்சில் பாடகர் குழுவை விட்டுக் கடைசி வரிசைக்குப் போனான். எல்லோரும் பாடும்போது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான் என்று அவன் அம்மா ரெஜினா அம்மா என்னிடம் வருத்தப்பட்டார்.

அடக்கத்துக்குச் செல்வம் அண்ணன் வந்திருந்தார். மாலை போட்டார். பெட்டியின் மேல் கை வைத்து அழுதார். அதுவும் பொய் இல்லை என்றே நினைக்கிறேன். அடுத்த வாரம் அவருடைய ஆட்டோக்கள் கிளம்பின. இப்போது சின்னம் வேறு என்பதால், சீப்பு வருகிற சரணத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தை அப்படியே வைத்திருந்தார்கள்.

பாபுவும் மற்றவர்களும் கொதித்தார்கள். ஆட்டோவை மறிக்கலாம் என்றார்கள். ரெஜினா அம்மாவிடம் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்று நான் ராயபுரத்துக்குப் போனேன். அது வேறு வார்டுதான் என்றாலும், அண்ணனின் ஆட்டோக்கள் அவர்கள் தெரு வழியாகத்தான் வந்து போயின. நான் போனபோது அவர் பால்கனியில் நின்றிருந்தார். தூரத்தில் பாட்டுக் கேட்டதும், உள்ளே வாருங்கள் அம்மா என்றேன். கையைக் காட்டி இருக்கச் சொன்னார். ஆட்டோ வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது வந்து, கடந்து, திரும்பும்வரை கேட்டார். பிறகு உள்ளே வந்து எனக்கு டீ போட்டார். தினமும் இதே நேரத்துக்கு வருகிறது என்றும், அதற்குள் சமையலை முடித்துவிடுவதாகவும் சொன்னார். மொபைலில் அவன் பேசியவை எல்லாம் இருக்கின்றனவாம். "அதுல அவன் வூட்டுக்குள்ள கீறான். இதுல வெளிய போய்ட்டு வரா மாரி கீது" என்றார். நான் கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

இரண்டொரு நாளில் குடியிருப்பின் தண்ணீர்க் குழாயடியில் பேபியம்மாவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடாமல் பேச்சுக் கொடுத்தேன். "உன் தோஸ்து வந்து தப்புன்னு சொல்லிட்டுப் போனான். என் கையால தண்ணி குட்சான். இப்ப மறுபடியும் அவருக்கே பாடிகினு வரான். எவ்ளோ குடுத்தாங்களாம்?" என்று கேட்டார். அவன் இறந்துவிட்டான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நேற்றுக்கூட கேட்டேனே என்றார். பழைய பதிவு என்று விளக்கிச் சொன்னபிறகு குடத்தைக் கீழே வைத்தார். எங்கள் குடியிருப்பில் நிறைய பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

அன்றே ராயபுரத்துக்குப் போய் இதை ரெஜினா அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, ஆல்பர்ட்டின் படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் வூடு வூடா போனது எனக்குத் தெரியாதே" என்றார். பூசை முடிந்து நண்பர்களோடு சுற்றப்போகிறான் என்றே அத்தனை நாளும் நினைத்திருக்கிறார். புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

அலுவலகத்தில் செல்வம் அண்ணன் எழுந்து நின்று ரெஜினா அம்மாவை உட்கார வைத்தார். பாட்டைப் போட்டால் அவருக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார்.

"பெருமதான்பா. தெனமும் நின்னு கேட்டுகினுதான் இருந்தேன்" என்றார் ரெஜினா அம்மா. "ஆனா உசுரோட இருக்கும்போது அவன் வேணாம்னுட்டான். நாலு பேர் வூட்டுக்குப் போயி சொல்லிட்டும் வந்துட்டான். செத்தவன் திரும்ப வந்து சொல்ல முடியாது. நீ நிறுத்திடு."

அண்ணன் மேசைமேல் இருந்த தேர்தல் நோட்டீஸ்களை ஒதுக்கினார். பிறகு போனை எடுத்து, ஆட்டோக்களில் அந்தப் பாட்டை நிறுத்தச் சொன்னார். நாங்கள் எழுந்தபோது, "என் பேர்ல ரொம்ப கோவமா இருந்தானாக்கா?" என்று கேட்டார்.

"உன் பேர்ல இல்ல. அவன் பேர்லதான்" என்றார் அம்மா.

மறுநாள் நான் போனபோதும் அவர் அதே நேரத்துக்குப் பால்கனிக்கு வந்தார். தெரு வெறிச்சென்று இருந்தது. கீழே கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளில் ஒருவன் பந்தைப் பொறுக்க ஓடும்போது "நான் பொறுப்பு, நான் பொறுப்பு" என்று பாடிக்கொண்டே ஓடினான். இரண்டாவது "பொறுப்பு"வில் ஆல்பர்ட்டைப் போலவே குரலை உடைத்தான். அப்படித்தான் பாட வேண்டும் என்று அவன் கற்றிருந்தான். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அதை யாரிடம் போய் நிறுத்தச் சொல்வது?

உள்ளே வந்ததும் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். ஆல்பர்ட் போன வீடுகளுக்குத் தன்னைக் கூட்டிப்போக முடியுமா என்றார். அவருக்கு மூட்டுவலி. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போனோம். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஏறினார். கதவு திறந்ததும், "நான் ஆல்பர்ட் அம்மா. ஆட்டோல வந்தது பழைய பாட்டு. அவன் உங்ககிட்ட சொன்னதுதான் கடசி" என்றார். சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் லாரி நாற்றத்தைச் சொல்லி உரக்கச் சண்டை போட்டார், ரெஜினா அம்மாதான் கவுன்சிலர் என்பதைப் போல. போகலாம் என்று நான் அம்மாவின் முழங்கையைத் தொட்டேன். அம்மா நகரவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தாழ்த்தாமல், அந்த மனிதர் பேசி முடிக்கும்வரை நின்றார். இப்படி நிற்க வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை.

நண்பர்களே, ஆல்பர்ட்டின் குரல் என் மொபைலிலும் இருக்கிறது. நான் அதைக் கேட்பதில்லை. ஒருவரிடம் நான் தவறாகச் சொல்லிவிட்டால், இப்போது திரும்பப் போகிறேன். சொல்கிறேன். சொன்னபிறகு கால் தானாக வாசலைப் பார்த்துத் திரும்புகிறது. அதைப் பிடித்து நிறுத்திவைக்கிறேன். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும்வரை கழிகிற அந்தச் சிறு நேரம் மட்டும் ஆல்பர்ட் என் பக்கத்தில் நிற்கிறான். அதைத்தான் அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.