மடித்து வைத்த தாள்

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த இரண்டாவது வருஷம் அது. ஆரப்பாளையத்தில் அவர் விட்டுப்போன அச்சகத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலால் மிதிக்கிற ஒரு மிஷின், அதை ஓட்ட ஒரு ஆள், எழுத்துக் கோர்க்க ஒரு கம்பாசிட்டர். கம்பாசிட்டர் என் வீட்டுக்காரரை அண்ணே என்று கூப்பிட்டுப் பத்து வருஷம் கூடவே இருந்தவர். என்னை மதினி என்பார். காலையில் முதல் ஆளாக வந்து சாமி படத்துக்குப் பூப் போட்டு, காலண்டரில் தாளைக் கிழித்துவிட்டுத்தான் உட்காருவார். கல்யாணப் பத்திரிகைதான் எங்களுக்குச் சோறு. பில் புத்தகம், நோட்டீஸ் எல்லாம் தொட்டுக்கொள்ள.

கணக்கு எனக்குப் பெரிதாக வராது. பயப்பட நன்றாக வரும். அதனால் நானே ஒரு வழி வைத்திருந்தேன். சாயங்காலம் பெட்டியில் இருப்பதை எண்ணி நாற்பதால் வகுப்பேன். ஆள் கூலி, வாடகை, கரண்டு, மை எல்லாம் சேர்த்து எங்களுக்கு நாளொன்றுக்கு நாற்பது ரூபாய் ஆகும். வருகிற எண்ணிக்கைக்குக் காலண்டரில் தாள் தாளாக எண்ணிப் போய், பணம் தீருகிற தேதியின் முனையை மடித்து வைப்பேன். ஆர்டர் வந்தால் மடிப்பு தள்ளிப் போகும். வராவிட்டால் அது இருந்த இடத்திலேயே இருக்கும், நாங்கள்தான் ஒவ்வொரு தாளாக அதை நெருங்குவோம்.

அந்த ஆடி நடுவில் மடிப்பு ஆவணி பன்னிரண்டில் இருந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடிக் கடைசியிலேயே கூட்டம் வந்துவிடும், வருஷா வருஷம் அப்படித்தான். அந்தத் தைரியத்தில் இருந்தேன்.

கீழக்குயில்குடியிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்து நின்றார். ஆவணிக் கல்யாணத்துக்கு நூறு ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தவர்.

"பத்திரிகை இப்ப வேணாம் தாயி. ஆவணி மல மாசமாம்ல. ஐப்பசியிலதான் வைக்கணும்னுட்டாக. அட்வான்ஸக் குடுத்தீகன்னா போயிருவேன்."

பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு காலண்டரைப் புரட்டினேன். ஆவணி முதல் தேதி அமாவாசை. கடைசித் தேதியும் அமாவாசை. ஒரே மாதத்தில் இரண்டு வந்தால் மல மாதம், நல்ல காரியம் எதுவும் கிடையாது. அதற்கடுத்து புரட்டாசி. அதிலும் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. இதில் கேவலம் என்னவென்றால், தை மாதம் வாடிக்கைக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுக்க முகூர்த்த நாள் அட்டை அடித்ததே நாங்கள்தான். ஆவணிக்கு நேரே வெறும் கோடு போட்டிருந்தது. புரூஃப் பார்த்தவள் நான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன், புத்திசாலி.

மடிப்பை ஆவணி பத்துக்கு இழுத்தேன். ஐப்பசி எங்கே, ஆவணி பத்து எங்கே. மிஷினை விற்றால் அப்புறம் நான் என்ன செய்வேன் என்ற ஒரே நினைப்புதான். சோறு இறங்கவில்லை. மை கொஞ்சம் கூடுதலாக எடுத்தார் என்று மிஷின்காரரிடம் எரிந்து விழுந்தேன். தெருவில் பறைச் சத்தம் கேட்டால், செத்தது யார் என்று கேட்பதற்கு முன்னால் கருமாதிப் பத்திரிகை எங்கே அடிப்பார்கள் என்று மனசு ஓடியது. சாவுக்கு மல மாதம் இல்லையே. சீ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று என்னையே திட்டிக்கொள்வேன். அப்புறமும் காது அங்கேயேதான் இருக்கும்.

ஆட்களிடம் நான் மூச்சு விடவில்லை. பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மடிப்புக்குப் பதினைந்து தாள் இருந்த அன்று மத்தியானம் கம்பாசிட்டர் மண்ணெண்ணெயில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மதினி, நாளையிலருந்து நான் வரலை. திருநகர்ல ஒரு பிரஸ்ல கூப்பிடுறாக. போறேன்."

எனக்கு வந்ததே கோபம். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாக. நல்லா நெனைச்சீக தம்பி."

அவர் காலண்டரிடம் போனார். ஆவணி பத்தின் மடிப்பை விரலால் நீவி நேராக்கினார். ஒன்பது தாள் எண்ணி, பத்தொன்பதாம் தேதியை மடித்தார்.

"பதினஞ்சு தாள்னா பெட்டியில அறுநூறு இருக்கும். என் கூலி பதினஞ்சு போனா நாளைக்கு இருபத்தஞ்சுதான ஆகும். ஒம்போது நாள் கூட ஓடும்."

"இது என்னன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெனமும் தாளைக் கிழிக்கிறவன் நான்தான மதினி." தலையைக் குனிந்துகொண்டார். "மூணு பிள்ளைக எனக்கு. கிழிக்கிறப்பல்லாம் மடிப்புக்கு இன்னும் எத்தனை தாள்னு எண்ணிப் பாத்துப் பயந்துக்கிட்டே இருக்கேன். இனிமே ஏலாது."

அதற்குப்பிறகு எழுத்தை நானே கோர்த்தேன். ஆவணி பதினாலாம் தேதி ஒரு மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து காலாண்டுப் பரீட்சைக் கேள்வித்தாள் அடிக்கக் கொடுத்தார்கள். பத்தாம் தேதியே மூடியிருந்தால் அந்த வேலை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும். அதை வைத்து ஐப்பசியைப் பிடித்தேன். கீழக்குயில்குடிக்காரரும் சொன்னபடி வந்தார்.

கை நிறைய வேலை வந்ததும் கம்பாசிட்டரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று திருநகருக்குப் பஸ் ஏறினேன். அவர் வேலை பார்க்கிற பிரஸ் வாசலுக்கு வந்து நின்றார்.

"மடிப்பு இப்ப எங்க இருக்கு மதினி?"

"கார்த்திகைக் கடைசியில இருக்கு தம்பி."

சந்தோஷப்பட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார், "இப்ப யாரு கிழிக்கிறா?"

"நான்தான்" என்றேன். அவரைத் திரும்ப வரச்சொல்ல எனக்கு வாய் வரவில்லை.